கேளுங்கள், சொல்கிறேன்: நியூஹால் குன்றில் ஊமைப்படம்

கேள்வி: கலிஃபோர்னியாவில், சாண்டா கிளாரிட்டாவில் இருக்கும் மகள் வீட்டுக்கு வந்திருக்கிறோம். பக்கத்தில் நியூஹாலில் வில்லியம் எஸ். ஹார்ட் என்ற பழைய நடிகரின் மாளிகை வளாகத்தில், ஜூலையில் ஒரு ராத்திரி திறந்தவெளியில் ஊமைப்படம் போடுகிறார்களாம். மகள் டிக்கெட் எடுக்கட்டுமா என்கிறாள். என் மனைவிக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. வசனமே இல்லாத படத்தை எங்களால் உட்கார்ந்து பார்க்க முடியுமா?
— ஓய்வுபெற்ற தபால் ஊழியர், கும்பகோணம்

பதில்: உடனே எடுக்கச் சொல்லுங்கள். ஊமைப்படத்தை அந்தக் காலத்திலும் பெரும்பாலும் நிசப்தத்தில் பார்க்கவில்லை. சின்னக் கொட்டகை என்றால் ஒரு பியானோ, பெரிய அரங்கு என்றால் ஆர்கன் அல்லது ஒரு வாத்தியக் குழுவே இருக்கும். இன்றும் இந்த மாதிரிக் காட்சிகளில் பெரும்பாலும் ஒருவர் நேரில் வாசிப்பார். மகளிடம் அதை மட்டும் விசாரிக்கச் சொல்லுங்கள். ஆமாம் என்றால், வாசிப்பவர் முகம் தெரிகிற பக்கமாக நாற்காலி பிடியுங்கள். நான் அப்படி உட்கார்ந்து ஒரு படம் பார்த்திருக்கிறேன். பியானோ வாசித்தவர் கட்டைகளைப் பார்க்கவே இல்லை, கண் முழுக்கத் திரையில்தான். திரையில் கதவு திறப்பதற்கு முன்பே இடது கை கீழ் ஸ்தாயிக்கு இறங்கிவிட்டது. கதாநாயகி கடிதத்தைப் பிரித்தபோது இரண்டு கையையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அவள் படித்து முடிக்கும்வரை கூட்டத்தில் ஒருவர்கூட அசையவில்லை.

ஹார்ட் மேடையில் ஷேக்ஸ்பியர் நடித்தவர். ஐம்பதை நெருங்கும் வயதில் சினிமாவுக்கு வந்து, கௌபாய் படங்களில் பெரிய நட்சத்திரமானார். பளபளக்கும் உடை பிடிக்காது அவருக்கு. புழுதியும் வியர்வையும் தெரிய வேண்டும். 1920களில் நியூஹால் குன்றின் மேல் ஸ்பானியப் பாணியில் இந்த வீட்டைக் கட்டினார். 1946இல் இறந்தபோது, தன் படத்தைக் காசு கொடுத்துப் பார்த்தவர்களுக்கே வீடு போகட்டும் என்று லாஸ் ஏஞ்சலஸ் கவுன்ட்டிக்கு, அதாவது அங்குள்ள மாவட்ட நிர்வாகத்துக்கு, எழுதிவைத்துவிட்டார். படங்களில் அவர் ஏறிவந்த ஃபிரிட்ஸ் என்ற குதிரையின் சமாதியும் அங்கேயே இருக்கிறது. வெளிச்சம் இருக்கும்போதே போய்ப் பார்த்துவிடுங்கள்.

என்ன படம் என்று நீங்கள் எழுதவில்லை. ‘டம்பிள்வீட்ஸ்’ (1925) என்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம். 1893இல் ஓக்லஹோமாவில் அரசாங்கம் நிலத்தைத் திறந்துவிட, முதலில் ஓடிப்போய்ப் பிடிப்பவருக்கு நிலம் என்று ஜனங்கள் முண்டியடித்த கதை. எல்லைக்கோட்டில் வண்டிகளும் குதிரைகளும் நிற்கின்றன. நடுப்பகல். பீரங்கி வெடிக்கிறது. அப்புறம் வரும் ஓட்டத்துக்கு எந்த மொழியும் வேண்டாம். ஹார்ட்டின் கடைசிப் படம் அது. 1939இல் அதை மறுபடி வெளியிட்டபோது, இந்த மாளிகை இருக்கும் பண்ணையிலேயே நின்று, எழுபது தாண்டிய வயதில், ரசிகர்களிடம் பேசி விடைபெற்றார். குதிரைக் குளம்படி, முகத்தில் அடிக்கும் காற்று என்று அவர் சொல்லச் சொல்ல எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அந்தப் பேச்சையும் சேர்த்துக் காட்டுவார்களா என்று கேட்டு வையுங்கள்.

உங்கள் மனைவியைப் பற்றிக் கவலை வேண்டாம். இடையிடையே வரும் எழுத்து அட்டை, மெதுவாகப் படிப்பவர்களுக்கும் எட்டுகிற அளவு திரையில் நிற்கும். நீங்கள் காதோடு தமிழில் சொல்லிக்கொண்டே வரலாம். நம் ஊர் ஊமைப்படக் கொட்டகைகளில் திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று கதை சொன்னதும் இதற்காகத்தானே.

ஜூலையில் அங்கே எட்டு மணி வாக்கில்தான் சூரியன் மறையும், ஆகவே படம் தொடங்க நேரமாகும். பகலில் கொளுத்தினாலும் ராத்திரி குளிரும். சால்வை எடுத்துப் போங்கள். மாளிகை இருப்பது மேட்டில், ஏறுவது முழங்காலுக்குச் சிரமம். திரை மேலேயா கீழேயா, வண்டி மேலே போகுமா என்று முன்னாலேயே தெரிந்துகொள்வது நல்லது.

கேள்வி: ஊமைப்படங்களில் எல்லோரும் ஏன் குடுகுடுவென்று ஓடுகிறார்கள்?
— கல்லூரி மாணவி, கோவை

பதில்: அவர்கள் ஓடவில்லை, நாம் ஓட்டுகிறோம். அன்று கேமராவைக் கையால் சுற்றினார்கள். நொடிக்கு 16 படச் சட்டங்களும் (ஃபிரேம்) உண்டு, 20க்கு மேலும் உண்டு. பேசும் படம் வந்ததும் 24 என்று நிலைத்தது. 16இல் எடுத்ததை 24இல் ஓட்டினால் ஒன்றரை மணி நேரப் படம் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். சோகமாக நடப்பவரும் கோமாளி ஆகிவிடுவார். சரியான வேகத்தில் ஒரு படமாவது பாருங்கள், அந்த நடிகர்கள் எவ்வளவு நிதானமாக நடித்திருக்கிறார்கள் என்று தெரியும்.

கேள்வி: இவ்வளவு மெனக்கெட்டுத் திறந்தவெளியில் பார்ப்பானேன்? எல்லாம்தான் இணையத்தில் கிடைக்கிறதே?
— வாசகர், சேலம்

பதில்: எல்லாம் கிடைக்கவில்லை. அமெரிக்காவில் 1912 முதல் 1929 வரை வெளியான முழுநீள ஊமைப்படங்கள் பதினோராயிரத்துக்குப் பக்கம். அவற்றில் 14 சதவீதம்தான் முதலில் வெளியான வடிவில் முழுமையாக மிஞ்சியிருக்கிறது என்று 2013இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் கணக்கு வெளியிட்டது. நடராஜ முதலியார் சென்னையில் எடுத்த ‘கீசக வதம்’ ஒரு பிரதிகூட இல்லை. மிஞ்சியதைப் பழுதுபார்க்கவும் பாதுகாக்கவும் பணம் வேண்டும். கூட்டம் வந்தால்தான் அடுத்த படத்தைத் தேடி எடுத்துப் போட யாருக்கும் மனம் வரும்.