பதில்: மூடப்போகும் சூப்பர் மார்க்கெட்டின் பழைய பலகைகளை எப்படிக் காப்பாற்றுவது?

வணக்கம். உங்கள் ஊர் சூப்பர் மார்க்கெட் மூடப்படுவதால் அதன் நியான் எழுத்துகளும் (வாயு நிரப்பிய கண்ணாடிக் குழாய் விளக்குகள்) எனாமல் பலகைகளும் குப்பைக்குப் போகவிருந்ததைக் கேட்டு மனம் பதறிவிட்டது. அவற்றைக் காப்பாற்ற நீங்கள் முன்வந்ததே பெரிய விஷயம்.

கடை மேலாளர் உங்களிடம் வாயால் ‘எடுத்துக்கொள்ளுங்கள்’ என்றது போதாது. கடை மூடும்போது பொருள்களின் உரிமை கட்டட உரிமையாளரிடமோ, மீதிச் சரக்கை விற்றுத் தீர்க்க வந்தவர்களிடமோ இருக்கலாம். எந்தெந்தப் பலகை என்று குறிப்பிட்டு எழுத்தில் வாங்குங்கள்.

நியானை நீங்களே கழற்ற வேண்டாம். அதன் டிரான்ஸ்ஃபார்மர் 15,000 வோல்ட் வரை தரும். மின்சாரத்தைத் துண்டித்த பிறகு, நியான் வேலை தெரிந்தவரே குழாய்களை இறக்கட்டும். சிவப்பாக எரிவது பெரும்பாலும் நியான் வாயு. நீலக் குழாயில் பொதுவாக ஆர்கான் என்ற வாயுவோடு பாதரசமும் இருக்கும். உடைந்தால் பெருக்காதீர்கள், பாதரசம் பரவும்.

எனாமல் பலகைக்குப் பொறுமைதான் முக்கியம். அது இரும்புத் தகட்டின்மேல் உருக்கிப் பூசிய கண்ணாடிதானே. நான் ஒருமுறை துருப்பிடித்த திருகை அவசரமாக நெம்பினேன். துளையைச் சுற்றியிருந்த வெள்ளைப் பூச்சு நகம் அளவுக்குச் செதிலாகப் பெயர்ந்து விழுந்தது. இன்றும் அதைப் பார்த்தால் வலிக்கிறது. திருகுகளில் துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறவிடுங்கள். அப்புறம் மெதுவாகத் திருப்புங்கள். கழுவ மிருதுவான துணியும் சோப்புத் தண்ணீரும் போதும்; கம்பி நாரைத் தொடவே கூடாது.

கழற்றும் முன் ஒவ்வொன்றையும் அது இருந்த இடத்தோடு படமெடுத்து, பின்புறம் எண்ணிட்ட சீட்டு ஒட்டுங்கள். சந்தேகமான பலகையின் படத்தை இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.