மருத்துவர் பதில்கள்: கமான் பட்டையில் சிக்கிய விரல்

இந்த மாதம் வந்த கடிதங்களில் மூன்று, பழைய லாரிகளைப் பழுது பார்ப்பவர்களின் விரல்களைப் பற்றியவை. சேலத்திலும் சங்ககிரியிலும் இந்தத் தொழிலை நம்பி வாழும் குடும்பங்கள் ஏராளம் என்பதாலும், இவர்களின் கைகளைப் பார்த்து வருவதே என் அன்றாட வேலை என்பதாலும், இம்முறை பக்கம் முழுவதையும் இந்த மூவருக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: ஐயா, எனக்கு வயது 46. கொண்டலாம்பட்டியில் லாரிப் பட்டறை வைத்திருக்கிறேன். ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்துக்குச் சொந்தமான பழைய டாடா 1210 லாரிக்குப் பின்பக்கக் கமான் பட்டையை (வண்டியின் எடையைத் தாங்கும் வில் தகடுகளை) மாற்றிக்கொண்டிருந்தேன். பட்டை முனையில் வளையமாக இருக்கும் கண்ணும் அதைத் தாங்கும் பிராக்கெட்டின் துளையும் நேராக வந்துவிட்டனவா என்று இடது கை ஆள்காட்டி விரலை விட்டுப் பார்த்தபோது ஜாக்கி சற்றே இறங்கி, விரல் நுனி இடுக்கில் நசுங்கிவிட்டது. கூட இருந்த பையன் உடனே ஜாக்கியை ஏற்றியதால் விரலை வெளியே எடுத்தேன். நகம் முழுக்கக் கறுத்துவிட்டது. நக ஓரம் கிழிந்து ரத்தம் வந்ததால் காபித் தூளை வைத்துக் கட்டினேன். இன்று 8-வது நாள். முதல் இரண்டு நாட்களைவிட இப்போதுதான் வலி அதிகமாக இருக்கிறது. இரவில் விண் விண்ணென்று தெறிப்பதால் தூக்கமே இல்லை. மருந்துக் கடையில் வாங்கிய வலி மாத்திரையைத் தினமும் மூன்று போடுகிறேன். ஐந்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோயும் உண்டு. காபி அறுவடை தொடங்குவதற்குள் வண்டியை ஒப்படைக்க வேண்டும். நகத்தைப் பிடுங்க வேண்டி வருமா? எப்போது ஸ்பேனர் பிடிக்கலாம்? விரலையே எடுத்துவிடுவார்களோ என்ற பயத்தில்தான் இதுவரை ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை.

பதில்: அன்பரே, இந்த இதழ் அச்சாகி உங்கள் கைக்கு வரும்வரை காத்திருக்கக் கூடிய விஷயம் இதுவல்ல என்பதால், கடிதம் கிடைத்த அன்றே உங்களைத் தொலைபேசியில் அழைத்து மறுநாள் காலையிலேயே மருத்துவமனைக்குப் போகச் சொன்னேன். நீங்களும் போனீர்கள். எக்ஸ்ரேயில் விரல் நுனி எலும்பு கீறியிருப்பது தெரிந்து, நகத்தடியில் சேர்ந்திருந்த சீழை வெளியேற்றி, விரல் நுனி அசையாமலிருக்க அதற்குப் பட்டை (ஸ்பிளின்ட்) வைத்து அனுப்பியிருக்கிறார்கள். விரல் பிழைத்துவிட்டது. அன்று தொலைபேசியில் அவசரமாகச் சொன்னதன் காரணங்களை இங்கே விரிவாக எழுதுவது, இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்கும் உதவும்.

நசுங்கிய விரல் இவ்வளவு வலிப்பதற்குக் காரணம் அதன் அமைப்புதான். விரல் நுனியின் சதை, தோலிலிருந்து எலும்புவரை ஓடும் நார்களால் சிறு சிறு அறைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. மேற்புறத்தில் நகம் மூடிபோல் அழுத்திக்கொண்டிருக்கிறது. அடிபட்டதும் உள்ளே கசியும் ரத்தத்துக்கு விரிந்துகொள்ள இடம் இல்லாததால் அழுத்தம் ஏறுகிறது. நாடி ஒவ்வொரு முறை துடிக்கும்போதும் அந்த அழுத்தம் கூடுவதைத்தான் நீங்கள் விண் விண்ணென்று உணர்கிறீர்கள். கையைத் தொங்கவிட்டால் வலி கூடுவதும், நெஞ்சுக்கு மேலே தூக்கிப் பிடித்தால் குறைவதும் இதனால்தான். இரவில் இரண்டு தலையணைகளை அடுக்கி அதன்மேல் கையை வைத்துப் படுங்கள். பல மாத்திரைகள் செய்யாததை இது செய்யும்.

நகத்தடியில் ரத்தம் கட்டிய முதல் ஓரிரு நாட்களுக்குள் வந்திருந்தால், நகத்தில் சிறு துளை போட்டு அந்த ரத்தத்தை வெளியேற்றியிருப்போம். அந்த நிமிடமே வலி இறங்குவதை நோயாளியின் முகத்திலேயே பார்க்கலாம். நாட்கள் கடந்தால் ரத்தம் உறைந்துவிடும் என்பதால் அந்தத் துளையால் பெரிய பயன் இருக்காது. இதை நீங்களே வீட்டில் ஊசியைச் சுட்டுச் செய்யவும் கூடாது. உங்களைப் போல் கீழே எலும்பு கீறியிருந்தால், கிருமி நேராக எலும்புக்குப் போக வழி திறந்துவிட்டதாகிவிடும்.

உங்கள் கடிதத்தில் என்னைப் பதறவைத்தது நகத்தின் கறுப்பு அல்ல. முதல் இரண்டு நாட்களைவிட எட்டாம் நாள் வலி அதிகம் என்ற அந்த ஒரு வரிதான். நசுங்கிய விரலின் வலி மூன்றாம் நாளிலிருந்து மெல்ல இறங்க வேண்டும். இறங்கியது மறுபடி ஏறினால், அல்லது இறங்கவே இல்லையென்றால், உள்ளே சீழ் பிடிக்கிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். சர்க்கரை நோய் இருப்பவருக்கு இந்தச் சந்தேகம் இரட்டிப்பாக வர வேண்டும். விரல் முழுவதும் ஒரே சீராக வீங்கி, சற்று மடங்கிய நிலையிலேயே நின்று, உள்ளங்கைப் பக்கம் தொட்டாலே வலித்து, மற்ற கையால் நிமிர்த்தப் பார்த்தால் உயிர் போகும் வலி வந்தால், சீழ் தசைநாரின் உறைக்குள் இறங்கிவிட்டது என்று பொருள். அப்போது மறுநாள் காலைவரைகூடக் காத்திருக்காமல் அன்றிரவே போக வேண்டும். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை எந்த நேரமும் திறந்திருக்கிறது.

காபித் தூளைப் பற்றி வருத்தத்தோடு ஒன்று சொல்ல வேண்டும். ரத்தம் நின்றுவிடுவதால் அது மருந்து என்றே நம் ஊரில் நம்புகிறார்கள். மலைமேல் தோட்டங்களில் வேலை செய்பவர்களிடம் இந்தப் பழக்கம் இன்னும் அதிகம். உண்மையில் ரத்தத்தை நிறுத்துவது, தூளின்மேல் இறுக்கிக் கட்டிய துணியின் அழுத்தம்தான். தூள் காயத்துக்குள் தங்கிக் கிருமிக்கு இடம் கொடுக்கிறது. நக இடுக்கில் ஒட்டிய துகள்களை மயக்க ஊசி போட்டுத்தான் சுரண்டி எடுக்க வேண்டியிருக்கிறது. மஞ்சள் தூள், சுண்ணாம்பு, கிரீஸ் எல்லாவற்றுக்கும் இதுவே பொருந்தும். அடிபட்டவுடன் விரலில் மோதிரம் இருந்தால், வீங்குவதற்கு முன் முதலில் அதைக் கழற்றுங்கள். ஓடும் சுத்தமான தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவி, சுத்தமான துணியை வைத்துப் பத்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். ஐஸ் வைப்பதானால் துணியில் சுற்றி, ஒரு நேரத்துக்குப் பதினைந்து நிமிடம் மட்டும் வையுங்கள். கையை டீசலில் கழுவும் பட்டறைப் பழக்கம் காயம் ஆறும்வரை கண்டிப்பாக வேண்டாம். கடைசி டி.டி. ஊசி (டெட்டனஸ் தடுப்பூசி) போட்டு 5 ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தால், இதுபோன்ற அழுக்குக் காயத்துக்கு மறுபடியும் போட்டுக்கொள்ள வேண்டும்.

வலி மாத்திரையின் பெயரை நீங்கள் எழுதவில்லை. டைக்ளோபெனாக் போன்றவற்றை நாளுக்கு மூன்று என்று எட்டு நாள் போடுவது வயிற்றைப் புண்ணாக்கும். சர்க்கரையால் முன்பே சுமை தாங்கிக்கொண்டிருக்கும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். கல்லீரல் கோளாறோ மதுப் பழக்கமோ இல்லையென்றால், 650 மில்லிகிராம் பாராசிட்டமால் ஆறு மணி நேரத்துக்கு ஒன்றாக நாளுக்கு நான்குவரை போடலாம். அதற்கும் அடங்காத வலியை மாத்திரையால் மறைக்காமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இனி, நீங்கள் கேட்டவை. சீழை வெளியேற்ற நகத்தின் ஒரு பகுதியை எடுத்துவிட்டார்கள். மீதியும் தானாகவே கழன்றுவிடும், நீங்கள் பிடுங்க வேண்டாம். கைவிரல் நகம் மாதத்துக்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டர்தான் வளரும் என்பதால், முழு நகம் வர நான்கு முதல் ஆறு மாதம் ஆகும். முதல் நகம் சற்று மேடுபள்ளமாக வந்தால் கவலைப்படாதீர்கள். எலும்புக் கீறலுக்கு மூன்று, நான்கு வாரம் பட்டை இருக்கும். அது நுனி மூட்டை மட்டும் அசையாமல் வைப்பது. நடு மூட்டையும் அடி மூட்டையும் முதல் நாளிலிருந்தே மணிக்கொரு முறை மடக்கி நீட்டுங்கள். பயந்து முழுக் கையையும் கட்டி வைத்திருந்தவர்கள், எலும்பு கூடிய பிறகும் விரல் மடங்காமல் மாதக்கணக்கில் அவதிப்படுவதைப் பார்க்கிறேன்.

காயம் ஆறிய பிறகு நுனியைத் தொட்டாலே ஷாக் அடித்ததுபோல் இருக்கும். ஒரு பாத்திரத்தில் பாசிப்பயறைக் கொட்டி, தினமும் இரண்டு வேளை ஐந்து நிமிடம் விரலை அதற்குள் விட்டு அளைந்துகொண்டிருங்கள். மெல்லிய துணி, முரட்டுத் துணி என்று மாற்றி மாற்றித் தேய்த்தும் பழக்குங்கள். கூச்சம் நாளடைவில் மழுங்கும். குளிரில் விரல் வெளுத்துக் கடுப்பது ஓராண்டுக்கு மேலும் இருக்கக்கூடும். எனவே வண்டியை ஒப்படைக்க 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி ஏற்காட்டுக்குப் போகும் நாளில் கம்பளிக் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் ஓடும் என்ஜினின் பெல்ட், விசிறிப் பக்கம் எந்தக் கையுறையோடும் போகாதீர்கள். சுழலும் பாகம் கையுறையைக் கவ்வினால் விரலையும் சேர்த்து இழுத்துவிடும்.

ஸ்பேனர் பிடிக்க இரண்டு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த லாரியை அதற்குள் முடிக்க வேண்டுமென்றால், நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பையன்களுக்குச் சொல்லிச் செய்ய வையுங்கள். அப்போது முதலில் சொல்ல வேண்டியது, துளையை விரலால் தடவிப் பார்க்கக் கூடாது என்பதுதான். பழைய ஜாக்கியின் வாஷர் தேய்ந்து எண்ணெய் உள்ளுக்குள்ளேயே கசியும்போது அது சத்தமில்லாமல் இறங்கும். வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸுக்குக் கீழே ஸ்டாண்டோ கட்டையோ கொடுக்காமல் ஜாக்கியை மட்டும் நம்பக் கூடாது. துளை நேராகிவிட்டதா என்று டார்ச் அடித்துப் பார்க்கலாம். கூம்பு முனைக் கம்பியை விட்டும் பார்க்கலாம். இடுக்கில் மாட்டினால் கம்பி வளையும், அவ்வளவுதான்.

விரலை எடுத்துவிடுவார்கள் என்ற பயத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தக் கையை நம்பித்தானே குடும்பம் இருக்கிறது. ஆனால் விரலை எடுக்க நேர்ந்த நோயாளிகளில் பெரும்பாலோர் என்னிடம் தாமதமாக வந்தவர்கள். துண்டாகிப்போன விரலைக்கூட, ஈரத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் தண்ணீரில் வைத்து உடனே எடுத்து வந்தால், பல சமயம் மறுபடி இணைக்க முடிகிறது. விரலை நேரடியாக ஐஸில் போட்டால் மட்டும் சதை செத்துவிடும்.

கேள்வி: என் கணவர் சங்ககிரியில் சொந்த லாரி ஓட்டுகிறார். மூன்று வாரத்துக்கு முன் துருப்பிடித்த வீல் நட்டைக் கழற்றும்போது ஸ்பேனர் வழுக்கி, நடுவிரல் நுனி இடித்துக்கொண்டது. இப்போது வலியே இல்லை. ஆனால் நுனி மூட்டு மட்டும் தொங்குகிறது. தானாக நிமிர்த்த முடியவில்லை. வலி இல்லாததால் விட்டுவிடலாம் என்கிறார்.

பதில்: சகோதரி, விடாதீர்கள். விரல் நுனியை நிமிர்த்தும் தசைநார் எலும்பில் ஒட்டியிருக்கும் இடத்தில் அறுந்திருக்கிறது. சில வேளை எலும்பிலிருந்து ஒரு சில்லையும் பெயர்த்துக்கொண்டு வந்திருக்கும் என்பதால் எக்ஸ்ரே அவசியம். பெரும்பாலும் அறுவைச் சிகிச்சை வேண்டியதில்லை. நுனி மூட்டை நேராக வைக்கும் சிறு பட்டையை ஆறு முதல் எட்டு வாரம், இரவு பகல் கழற்றாமல் போட்டிருக்க வேண்டும். கழுவுவதற்காகப் பட்டையை எடுத்தாலும் விரலை மேசைமேல் நீட்டி வைத்தபடியே துடைத்து மறுபடி கட்ட வேண்டும். இடையில் ஒரு முறை மடங்கினாலும் வாரக் கணக்கை முதலிலிருந்து எண்ண வேண்டியதுதான். மூன்று வாரம் போனாலும் காலம் கடந்துவிடவில்லை. உங்கள் கணவரிடம் சொல்லுங்கள்: வலி இல்லை என்பது, காயம் இல்லை என்பதற்குச் சான்று ஆகாது.

கேள்வி: சூரமங்கலத்தில் டீசல் பட்டறையில் வேலை கற்றுக்கொள்கிறேன். என்ஜினுக்குள் டீசலைத் தெளிக்கும் நாசில் சரியாகப் பீய்ச்சுகிறதா என்று எங்கள் மேஸ்திரி கையை நீட்டிப் பார்க்கிறார். எங்களையும் பார்க்கச் சொல்கிறார். இதனால் ஆபத்து உண்டா?

பதில்: தம்பி, இந்த மூன்று கடிதங்களில் அதிக ஆபத்தானது உன்னுடையதுதான். பழைய டீசல் என்ஜின்களின் நாசில் ஏறக்குறைய 200 பார் அழுத்தத்தில் திறக்கிறது. லாரி டயரில் அடிக்கும் காற்றைப்போல் 25 மடங்குக்கும் மேல். அந்த வேகத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே குண்டூசி குத்தியதுபோல் ஒரு புள்ளிதான் தெரியும். முதல் ஓரிரு மணி நேரம் வலிகூட இருக்காது. உள்ளே டீசல் தசைநார் உறை வழியாக உள்ளங்கைவரை பரவி, சதையை அரித்துக்கொண்டிருக்கும். சில மணி நேரத்தில் விரல் வீங்கி மரத்துப்போன பிறகு வருகிறவர்களுக்கு, என்ன செய்தும் விரலைக் காப்பாற்ற முடியாமல் போகிறது. கிரீஸ் கன், அதிக அழுத்தத்தில் பெயிண்ட் அடிக்கும் ஸ்பிரே கன் இரண்டிலும் இதே ஆபத்து இருக்கிறது. தின்னர் கலந்த பெயிண்ட் இன்னும் கொடியது.

நாசிலைச் சோதனை எந்திரத்தில் பொருத்தி, காகிதத்தின்மீது பீய்ச்சிப் பார்க்க வேண்டும். மேஸ்திரியிடம் மரியாதை குறையாமல் இந்தப் பக்கத்தையே காட்டு. எப்போதாவது கையில் பாய்ந்துவிட்டால், புள்ளி எவ்வளவு சிறியதானாலும், அழுத்தி வெளியேற்றப் பார்க்காமல், வெந்நீர் ஒத்தடம் கொடுக்காமல், கையை உயர்த்திப் பிடித்தபடி உடனே மருத்துவமனைக்குப் போ. ஆறு மணி நேரத்துக்குள் விரலைத் திறந்து சுத்தம் செய்தாக வேண்டும். அங்கே "ஏதோ குத்திவிட்டது" என்று சொன்னால் கட்டுப் போட்டு அனுப்பிவிடக்கூடும். பாய்ந்தது டீசலா, கிரீஸா, பெயிண்டா, எத்தனை மணிக்குப் பாய்ந்தது என்ற இரண்டையும் முதல் வாக்கியத்திலேயே சொல்.