சிஸ்டிக் ஃபைப்ரோஸிஸ் மாத்திரை: முன்பணம் கொடுப்பதற்கு முன்

கேள்வி: ஏழு வயதாகும் என் மகளுக்கு வியர்வைப் பரிசோதனையில் குளோரைடு 98 என வந்து, சிஸ்டிக் ஃபைப்ரோஸிஸ் என்று உறுதிசெய்திருக்கிறார்கள். நோயை வேரோடு குணப்படுத்தும் மாத்திரை வெளிநாட்டில் இருப்பதாகவும், மரபணுப் பரிசோதனை தேவையில்லை, 3 லட்சம் ரூபாய் முன்பணம் கொடுத்தால் வரவழைத்துத் தருவதாகவும் ஒருவர் சொல்கிறார். வாங்கலாமா? (ஒரு தாய், ஈரோடு)

பதில்: இப்போது வாங்காதீர்கள்; அவரிடமிருந்து எப்போதுமே வாங்காதீர்கள். அவர் சொல்லும் மாத்திரை உண்மையிலேயே இருக்கிறது, அதனால்தான் அவருடைய பேச்சு எடுபடுகிறது.

செல்லின் மேற்பரப்பில் குளோரைடு வெளியேறும் வாசலின் கதவாக சி.எஃப்.டி.ஆர். என்ற புரதம் இருக்கிறது. அது பழுதானால் நீரோட்டம் குறைந்து, நுரையீரலில் சளி கெட்டிப்பட்டுத் தங்கிவிடும். பழுது ஒரே வகையானது அன்று. சிலருக்குக் கதவு இருக்கும், திறக்காது. சிலருக்குச் செய்த கதவு கோணலாகி, வாசலுக்கு வந்து சேரும் முன்பே செல்லால் அழிக்கப்படும். வேறு சிலருக்குக் கதவே செய்யப்படாது. 2012-இல் வந்த ஐவாகாஃப்டர் திறக்காத கதவைத் திறக்கிறது. 2019-இல் வந்த ட்ரைகாஃப்டாவில் அதனுடன் எலெக்ஸாகாஃப்டர், டெசாகாஃப்டர் ஆகிய இரண்டும் சேர்ந்து, கோணலான கதவை நிமிர்த்தி வாசலுக்குக் கொண்டுவருகின்றன. இந்தப் புரதத்துக்கான மரபணுவின் இரு பிரதிகளில் ஒன்றில் எஃப்508டெல் என்ற பிறழ்வு (மரபணுப் பிழை) இருந்தாலே இந்தக் கூட்டு மருந்து பயன்தரும். இரு பிரதிகளிலும் கதவே செய்யப்படாத வகைப் பிறழ்வு இருந்தால், எத்தனை லட்சம் செலவழித்தாலும் பயனில்லை. ஐரோப்பியர்களிடம் மிகப் பரவலான எஃப்508டெல் நம் குழந்தைகளிடம் அந்த அளவுக்குக் காணப்படுவதில்லை என்பதால், ஊகத்தின் பேரில் வாங்குவது நம் நாட்டில் இன்னும் ஆபத்தானது. ஐரோப்பியப் பிறழ்வுகளை மட்டும் தேடும் சுருக்கப் பரிசோதனையும் போதாது. மரபணு முழுவதையும் வாசிக்கும் பரிசோதனையைக் கேளுங்கள். ‘வேரோடு குணம்’ என்பதும் பொய். மரபணு மாறுவதில்லை, மாத்திரையை நிறுத்தினால் பழுது திரும்பிவிடும்.

பிறழ்வு பொருந்தினாலும் ஒரு விதிவிலக்கு உண்டு. இந்நோயுள்ள குழந்தைகள் பலர், நோய் தெரியும் முன் காசநோய் என்று கருதப்பட்டு மாதக்கணக்கில் மருந்து உண்டவர்கள். அம்மருந்துகளில் ஒன்றான ரிஃபாம்பிசின் கல்லீரல் நொதிகளைத் தூண்டி, இந்த மாத்திரையை இரத்தத்தில் நிலைக்கவிடாமல் சிதைத்துவிடும். காசநோய்க் கூட்டு மாத்திரைக்குள் ரிஃபாம்பிசின் இருக்கும்போது அதன் பெயர் கண்ணில் படாது. அட்டையின் பின்புறம் உள்ள கலவையைப் படியுங்கள், சிறுநீர் செம்மஞ்சளாகப் போகிறதா என்று கவனியுங்கள். ரிஃபாம்பிசினை நிறுத்திய மறுநாளே புதிய மருந்தைத் தொடங்கவும் முடியாது. நொதிகளின் தூண்டல் அடங்க ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். காசநோய் மருந்தை நீங்களாக நிறுத்திவிடவும் கூடாது.

சொந்த உபயோகத்துக்கு மருந்தை இறக்குமதி செய்ய, மருத்துவரின் சீட்டுடன் படிவம் 12ஏ-வில் விண்ணப்பித்து, 12பி அனுமதியைக் குழந்தையின் பெயரில் பெறவேண்டும். தேசிய அரிய நோய்க் கொள்கையில் இடம்பெற்ற நோய்களுக்கு இவ்வாறு தருவிக்கும் மருந்துகளுக்கு 2023 ஏப்ரல் முதல் அடிப்படைச் சுங்கவரி இல்லை. அனுமதியும் ரசீதும் இல்லாமல் பொட்டலத்தை நீட்டுபவர் உள்ளே இருப்பது மருந்துதான் என்பதற்கு என்ன சான்று தருவார்? இத்தகையவர்கள் பெருகுவதற்கு நம் அமைப்பும் காரணம். 2021-ஆம் ஆண்டின் அந்த அரிய நோய்க் கொள்கை இந்நோயின் பெயரைப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. ஆனால் அமெரிக்காவில் ஆண்டுக்கு 3 லட்சம் டாலரைத் தாண்டும், வாழ்நாள் முழுவதும் உண்ணவேண்டிய மருந்துக்கு 50 லட்சம் ரூபாயை உதவியின் உச்சவரம்பாக வைத்தால், எந்தக் குடும்பம் எத்தனை மாதம் சமாளிக்கும்? அர்ஜென்டினாவில் இதே கூட்டு வேறு நிறுவனத்தின் தயாரிப்பாக மலிவாகக் கிடைக்கிறது. இங்கே பெற்றோர் தரகரைத் தேடி அலைகிறார்கள்.

உங்கள் மகளுக்கு மருந்து பொருந்துமென மரபணுப் பரிசோதனை அறிக்கை சொன்னால், முதல் மாத்திரைக்கு முன் கல்லீரல் இரத்தப் பரிசோதனையும் கண் பரிசோதனையும் செய்துவிடுங்கள். மாத்திரையை நெய், முட்டை போன்ற கொழுப்புள்ள உணவோடு கொடுத்தால்தான் உடலில் சேரும். கணைய நொதி மாத்திரையையும் சளியை வெளியேற்றும் மார்புப் பயிற்சியையும், மருத்துவர் சொல்லும்வரை ஒருநாளும் நிறுத்த வேண்டாம்.