ஐஸ் ஹாக்கியில் 'டிஃபென்டர்' என்ன செய்வார்? கோல் அடிக்காத ஒருவரை ஏன் பெரிய வீராங்கனை என்கிறார்கள்?

பனித்தளத்தில் ஒரு அணிக்கு ஆறு பேர்: மூன்று முன்கள வீராங்கனைகள், ஒரு கோல்கீப்பர், நடுவே இரண்டு டிஃபென்டர்கள். எதிரணி வீராங்கனை பக்கை (பந்துக்குப் பதிலான ரப்பர் வட்டு) மட்டையால் தள்ளிக்கொண்டு பாய்ந்து வரும்போது டிஃபென்டர் பின்னோக்கிச் சறுக்கிக்கொண்டே அவரை எதிர்கொள்வார். பக்கைப் பிடுங்குவது இரண்டாம் வேலைதான். முதல் வேலை, வருபவரைக் கோலுக்கு நேராக வரவிடாமல் ஓரச் சுவர்ப் பக்கம் தள்ளிக்கொண்டு போவது. கட்டு அவிழ்ந்த ஆட்டைத் துரத்தினால் தப்பிவிடும்; வேலியோரமாக ஒதுக்கினால் தானாக நிற்கும். அதே சங்கதிதான்.

இந்த வேலைக்கு வேகத்தைவிட கணிப்பு முக்கியம். அது வர வருடங்கள் ஆகும். கனடாவின் டிஃபென்டர் ஜோஸ்லின் லாரோக்கைப் பாருங்கள். 2014, 2022 ஒலிம்பிக்கில் தங்கம், 2018-இல் வெள்ளி. ஆனால் 2019-இல் அவர் ஆடிய கனடிய லீக் மூடப்பட்டது. அப்புறம் நான்கு வருடங்கள் நிலையான லீக் இல்லாமலேயே, பெரும்பாலும் காட்சிப் போட்டிகளில் ஆடினார். புதிய தொழில்முறை லீக் 2023-இல் வீராங்கனைகளைத் தேர்ந்தெடுத்தபோது, எல்லா அணிகளையும் சேர்த்து இரண்டாவதாக அழைக்கப்பட்ட பெயர் அவருடையது; அழைத்தது டொராண்டோ அணி. அப்போது வயது 35! எனக்கு அவருடைய பதக்கங்களைவிட இதுதான் பெரிதாகத் தெரிகிறது.

டிஃபென்டர் என்றால் தடுக்க மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, பெரும்பாலான தாக்குதல்கள் அவர் தரும் முதல் பாஸில்தான் தொடங்குகின்றன.