மெமோ கொடுப்பதற்கு முன்னால்

கேள்வி: எட்டு பேர் கொண்ட குழுவுக்கு நான் மேலாளர். அதில் ஒருவர் கணக்கில் புலி. இரண்டு மாதமாக ஆளே மாறிவிட்டார். தாமதமாக வருகிறார், மீட்டிங்கில் வாய் திறப்பதில்லை, போன வாரம் அனுப்பிய அறிக்கையில் கூட்டலே தப்பு. தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். "டிப்ரஷன் மேடம், டாக்டரைப் பார்க்க ஆரம்பிச்சிருக்கேன்" என்றார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "தைரியமா இருங்க" என்று சொல்லி அனுப்பினேன். என் மேலதிகாரி மெமோ கொடு என்கிறார். மற்றவர்களோ, அவர் வேலையும் எங்கள் தலையிலா என்று முணுமுணுக்கிறார்கள். நான் என்ன செய்வது?
– பெயர் வேண்டாம் என்ற வாசகி

பதில்: அவர் உங்களிடம் வாய்விட்டுச் சொன்னதே பெரிய விஷயம். பலர் தலைவலி, காய்ச்சல் என்று எழுதித்தான் லீவு எடுப்பார்கள். ஆனால் இனிமேல் "தைரியமா இருங்க" வேண்டாம். தைரியம் குறைந்ததால் வந்ததல்ல இது. தூக்கம், கவனம், ஞாபகம், முடிவெடுக்கும் திறன் என்று எல்லாவற்றையும் பிடிக்கிற நோய். அந்தக் கூட்டல் பிழைகூட அதன் வேலையாக இருக்கலாம்.

மறுபடி அவரோடு உட்காருங்கள். என்ன மாத்திரை, வீட்டில் என்ன பிரச்சினை என்றெல்லாம் கேட்க வேண்டாம். அது டாக்டரின் பாடு. உங்கள் பாடு வேலை. "இப்போ எது ரொம்பக் கஷ்டமா இருக்கு? எது முடியுது?" இந்த இரண்டு கேள்வி போதும். சொல்லி முடிக்கும் வரை குறுக்கே பேசாதீர்கள்.

பதிலைப் பொறுத்து வேலையை மாற்றுங்கள். இந்த நோய் உள்ள பலருக்குக் காலை நேரம்தான் மோசம். சில மாத்திரைகள் தூக்கக் கலக்கத்தையும் கொடுக்கும். அதனால் ஒரு மணி நேரம் தாமதமாக வரட்டும், மீட்டிங்கை மதியத்துக்குத் தள்ளுங்கள். பெரிய அறிக்கையை மூன்று துண்டாக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு தேதி கொடுங்கள். சொன்னதையெல்லாம் இரண்டு வரி எழுதியும் அனுப்புங்கள். கடைசிக் கூட்டலை இப்போதைக்கு இன்னொருவர் சரிபார்க்கட்டும். கவுன்சிலிங் போகிற நேரத்தில் எந்த மீட்டிங்கும் வைக்காதீர்கள்.

ஒன்றை மட்டும் செய்துவிடாதீர்கள். "நீங்க ரெஸ்ட் எடுங்க" என்று எல்லா வேலையையும் பிடுங்கிக்கொள்வது. நான் எதற்கும் லாயக்கில்லை என்று அந்த நோய் ஏற்கெனவே அவரிடம் ஓதிக்கொண்டிருக்கிறது. காலி மேஜை அதற்குச் சாட்சி சொல்லும்.

அடுத்த திங்களுக்குள் பழைய ஆளாகிவிடுவார் என்றும் எதிர்பார்க்க வேண்டாம். மருந்து சரியாக வேலை செய்ய 4 முதல் 8 வாரம்கூட ஆகலாம். பக்கவிளைவு மட்டும் முதல் வாரமே வந்து நிற்கும்.

சரி, மெமோ? (மனிதவளத் துறையில் என் பாதி ஆயுள் மெமோ தட்டச்சு செய்வதிலேயே கழிந்தது. யாருக்கும் அதனால் தூக்கம் வந்ததாக நினைவில்லை.) மேலதிகாரியிடம் எதைச் சொல்லலாம் என்று முதலில் அந்த ஊழியரையே கேளுங்கள். பிறகு மெமோவுக்குப் பதிலாக, மேலே சொன்ன ஏற்பாடுகளைத் தேதி போட்டு ஒரு பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை நீங்களும் அந்த ஊழியருமாகப் பார்த்து மாற்றிக்கொள்ளலாம். மேலதிகாரி எண்களுக்குத்தான் மசிவார் என்றால் ஒன்று தருகிறேன். மனச்சோர்வாலும் பதற்றத்தாலும் உலகம் ஆண்டுக்கு 1,200 கோடி வேலைநாட்களை இழப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. மேலாளர்களுக்கு இதில் பயிற்சி கொடுங்கள் என்று 2022இல் வழிகாட்டுதலும் வெளியிட்டது. அந்தப் பயிற்சியை உங்களுக்கும் கேட்டு வாங்குங்கள்.

முணுமுணுப்பவர்கள் மேல் கோபப்படாதீர்கள், அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நோயைப் பற்றி ஒரு வார்த்தை வேண்டாம். "கொஞ்ச நாளைக்கு வேலையை மாற்றிப் பிரித்திருக்கிறேன்" என்று சொல்லி, அவசரமில்லாத ஏதாவது ஒன்றை நிஜமாகவே தள்ளிப்போடுங்கள்.

இன்னொன்று. "நான் இல்லாமப் போனா எல்லாருக்கும் நிம்மதி" என்கிற மாதிரி அவர் பேசினால், தற்கொலை எண்ணம் வருகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆமாம் என்றால் தனியே விடாதீர்கள். அவர் நம்புகிற ஒருவரை வரவழையுங்கள், அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் கேட்டாலும், அதை மட்டும் செய்து கொடுக்காதீர்கள்.