மொட்டையும் வேண்டாம், ஆட்டு ஊசியும் வேண்டாம்

கேள்வி: ஐயா, சுங்கை சிப்புட்டில் பழைய தோட்டத்து லயத்தை ஒட்டி 40 ஆடு வளர்க்கிறேன். துணைக்கு ஒன்றரை வயது ஜெர்மன் ஷெப்பர்ட், 34 கிலோ. பத்து நாளாகச் சிமெண்டுத் தரையிலேயே படுத்துக் கிடக்கிறது, ஆட்டுப் பக்கம் போவதில்லை. சோற்றிலும் பாதி மிச்சம். போன வாரம் மூக்கில் இரண்டு சொட்டு ரத்தம்; வேலிக் கம்பியில் முட்டியிருக்கும் என்று விட்டுவிட்டேன். இது வெயில் தாங்காத சாதி, முடியை வழித்துவிட்டு ஆட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசியில் 1 மில்லி போடுங்கள், உண்ணியும் கொட்டிவிடும் என்கிறார் தீவனக் கடைக்காரர். வழிக்கலாமா?

பதில்: தம்பி, வழிக்காதீர்கள். அந்த நாய்க்கு முடி இரண்டு அடுக்கு. வெயில் நேராகத் தோலில் இறங்காமல் மறைப்பது மேல் முடிதான். உதிரும் அடி முடியைத் தினமும் சீப்பால் வாரி எடுங்கள், வயிற்றிலும் பாதத்திலும் தண்ணீர் ஊற்றுங்கள். முடி விஷயம் அவ்வளவுதான்.

எனக்குக் கவலை அந்த இரண்டு சொட்டு ரத்தம். கம்பியில் முட்டிய நாய் பத்து நாள் சோறு தின்னாமல் கிடக்காது. உண்ணி உள்ள இடத்தில் மூக்கில் ரத்தம் என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது உண்ணிக் காய்ச்சலை. எர்லிக்கியா என்ற கிருமி உண்ணிக் கடியில் உடம்புக்குள் ஏறி, ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்களைக் குறைத்துவிடும். மற்ற நாய்களைவிட ஜெர்மன் ஷெப்பர்டை இது மோசமாகத் தாக்கும். இப்போதே உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். வெளுத்திருந்தாலோ, சிவப்புப் புள்ளிகள் தெரிந்தாலோ இன்றைக்கே ஈப்போவுக்குக் கொண்டுபோங்கள். அப்படி இல்லாவிட்டாலும் நாளைக்குள் ரத்தப் பரிசோதனை எடுத்தாக வேண்டும். நோய் உறுதியானால் டாக்சிசைக்ளின் கொடுப்பார்கள், வழக்கமாக 28 நாள். நாலாம் நாளே வால் ஆட்டுகிறதே என்று நிறுத்திவிடாதீர்கள்.

அப்புறம் அந்த ஊசி. எத்தனை பேரிடம் சொல்லியும் எனக்கு மனசு ஆறவில்லை. 1 சதவீத ஐவர்மெக்டின் புட்டியில் ஒரு மில்லிக்கு 10 மில்லிகிராம் மருந்து இருக்கிறது. உங்கள் நாய்க்கு இதயப் புழு வராமல் தடுக்க மாதம் ஒருமுறை தேவைப்படுவது 0.2 மில்லிகிராம். கடைக்காரர் சொன்னது அதைப்போல் 50 மடங்கு! மந்தை மேய்க்கும் சாதிகளில், கோலி நாய்களில் மிகப் பலவற்றுக்கும் ஜெர்மன் ஷெப்பர்டில் சிலவற்றுக்கும், எம்டிஆர்1 என்ற மரபணு பழுதாக இருக்கும். மருந்தை மூளைக்குள் விடாமல் தடுக்கும் காவல் அவற்றுக்குக் கிடையாது. இது 2001-இலேயே தெரிந்துவிட்ட சங்கதி. பார்வைக்கு எந்த நாய்க்குப் பழுது என்று சொல்லவும் முடியாது.

இப்படி ஊசி போட்ட கோலிக் கலப்பு நாய் ஒன்றை என்னிடம் தூக்கி வந்தார்கள். கண்மணி அகல விரிந்து, டார்ச் அடித்தும் சுருங்கவில்லை. எச்சில் ஒழுக, படுத்தபடியே நான்கு காலாலும் நீந்துவதுபோல் உதைத்துக்கொண்டிருந்தது. இதற்கு முறிவு மருந்து இல்லை. மூன்றாம் நாள் போய்விட்டது. நாயைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் ஊசி சொல்லும் கடையில் தீவனம் மட்டும் வாங்குங்கள். ஆடுகளுக்கு ஊசி போட்டால் அதற்கப்புறம் சில வாரம் நாயைப் புழுக்கை தின்ன விடாதீர்கள். மருந்து பெரும்பாலும் அதில்தான் வெளியேறும்.

உண்ணிக்கு எடை பார்த்து மாத்திரை தரும்படி கால்நடை மருத்துவரிடமே கேளுங்கள். ஆனால் நாய் மேல் தெரிவது கொஞ்சம்தான். மீதி அது படுக்கும் இடத்துப் பலகை இடுக்கில் இருக்கிறது. ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிடும். இன்று இரவு டார்ச் பிடித்து லயத்துச் சுவரைக் கீழிருந்து கூரை வரை பாருங்கள். இடுக்குகளைச் சுரண்டிக் கொதிநீர் ஊற்றுங்கள், பழைய சாக்கை எரித்துவிடுங்கள்.

நாய் தானாக எழுந்து தட்டைக் காலி செய்யும் வரை மந்தை வேலை வேண்டாம். காலையில் பட்டியை நீங்களே திறந்துவிடுங்கள். ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் தட்டணு எண்ணிக்கையை எனக்கு எழுதுங்கள்.