கேஸ் மேனேஜ்மெண்ட்: ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய அம்மா,

நான் தாராவியில் பிறந்து வளர்ந்தவள். பி.காம். முடித்துவிட்டு இங்குள்ள ஒரு தொண்டு நிறுவனத்தில் களப்பணியாளராக இருந்தேன். சென்ற மாதம் என்னை, ஒவ்வொரு குடும்பத்தின் தேவையையும் அறிந்து உரிய உதவியோடு இணைக்கும் கேஸ் வொர்க்கராக்கி, முப்பது குடும்பங்களின் ஃபைல்களைக் கொடுத்திருக்கிறார்கள். பயிற்சியில் படிவம் நிரப்பக் கற்றுத்தந்தார்கள். ஃபைல்கள் நிரம்புகின்றன, குடும்பங்களின் நிலை மாறியதாகத் தெரியவில்லை. இந்தக் கேஸ் மேனேஜ்மெண்டின் அடிப்படையை எங்கிருந்து கற்பது? எம்.எஸ்.டபிள்யூ. என்ற சமூகப்பணி முதுகலைப் பட்டம் படித்தே ஆக வேண்டுமா?

ச., மும்பை

அன்புள்ள ச.,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வாய்ப்பிருந்தால் படியுங்கள். இந்தியாவில் சமூகப்பணிக் கல்வி 1936இல் தொடங்கியதே உங்கள் ஊரில்தான். அந்தக் கல்விக்கூடம் இன்று டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் என்ற பெயரில் தேவனாரில் இருக்கிறது. ஆனால் நீங்கள் பட்டம் வாங்கும்வரை அந்த முப்பது குடும்பங்களும் காத்திருக்க இயலாது.

நிலையை அறிதல், திட்டமிடுதல், உரிய சேவையோடு இணைத்தல், தொடர்ந்து கவனித்தல், முடித்தல் என்று இந்தப் பணியின் படிகளை எந்தப் பாடநூலும் சொல்லிவிடும். இணைப்பதற்கும் தொடர்ந்து கவனிப்பதற்கும் நடுவில்தான் உங்கள் வேலை நின்றுவிடுகிறது என்று கடிதத்தைப் படித்ததும் எனக்குத் தோன்றியது. ஒருவரை இன்ன இடத்துக்கு அனுப்பினேன் என்று எழுதியவுடன் படிவம் நிறைந்துவிடுகிறது. அவர் அங்கே போனாரா, போனவருக்குக் கிடைத்ததா என்று விசாரிப்பதுதான் கேஸ் வொர்க்கரின் தலையாய வேலை.

காசநோய்க்கு மருந்து சாப்பிடும் ஒரு பெண்மணியை எடுத்துக்கொள்வோம். மருந்துக்குக் கட்டுப்படும் காசநோய்க்கு 6 மாதச் சிகிச்சை, மருந்து இலவசம், ஊட்டச்சத்துக்காக நிக்ஷய் போஷண் என்ற அரசுத் திட்டத்தில், 2024 நவம்பர் முதல், மாதம் 1000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரவேண்டும். ‘திட்டத்தில் சேர்க்கப்பட்டார்’ என்று ஃபைலில் இருக்கும். அவருடைய கணக்கோ திருநெல்வேலிப் பக்கத்துக் கிளையொன்றில் பல வருடங்களாக வரவு செலவில்லாமல் முடங்கிக் கிடக்கும். பணம் வராது, மாத்திரை குமட்டும், இரண்டு மாதத்தில் இருமல் குறைந்ததும், உடம்பு தேவலை என்று மருந்தை நிறுத்திவிட்டு வேலைக்குப் போய்விடுவார். பாஸ்புக்கை வாங்கிக் கடைசி வரவு என்றைக்கு என்று பார்ப்பதும், தேவையானால் இங்கேயே கணக்குத் தொடங்க உடன் செல்வதும், சயான் ஆஸ்பத்திரியில் எந்த ஜன்னலில் கேஸ் பேப்பர் என்கிற பதிவுச் சீட்டை வாங்குவது என்று முதல் தடவை கூட நின்று காட்டுவதும், சொன்ன நாளில் மறுபடி போய் விசாரிப்பதும் உங்கள் பொறுப்பு. மராத்திப் படிவத்தைப் படிக்கத் தெரியாத ஒருவரிடம் முகவரிச் சீட்டைக் கொடுத்து அனுப்புவதை உதவி என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அடுத்தது குறிப்பு எழுதுவது. கண்டது, அவர்கள் சொன்னது, நீங்கள் கருதுவது ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று கலக்கக் கூடாது. ‘பொறுப்பில்லாத தாய்’ என்று ஒரு வரி எழுதிவிட்டால், அடுத்து வருகிற கேஸ் வொர்க்கர் அந்தக் கண்ணோடுதான் அவரைப் பார்ப்பார். ‘காலை 11 மணிக்குச் சென்றேன். மூத்த பெண் தம்பியை வைத்துக்கொண்டு வீட்டில் இருந்தாள். அம்மா இட்லிக் கூடையோடு காலை 5 மணிக்குப் போனதாகச் சொன்னாள். அவள் பள்ளிக்குப் போவது நின்றிருக்கலாம் என்று கருதுகிறேன்’ என்று எழுதினால், அடுத்து எதைச் செய்ய வேண்டும் என்பது அந்தக் குறிப்பிலேயே கிடைத்துவிடும். சின்னவனைப் பகலில் அங்கன்வாடியில் விட முடியுமா என்று பார்க்க வேண்டும். அதையும் அந்தத் தாயைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். அந்தக் குடும்பத்துக்கு நீங்கள் போடும் திட்டத்தின் முதல் வரி அவர் விரும்புவதாக, அவர் சொன்ன சொற்களிலேயே இருக்கட்டும்.

நீங்கள் அதே பகுதியில் வளர்ந்தவர் என்பது பெரிய பலம். அதிலேயே ஓர் ஆபத்தும் உண்டு. யார் வீட்டுப் பெண், எந்த ஊர்க்காரி என்று தெரிந்தவுடன் நம்பிப் பேசுவார்கள். தெரிந்த பெண் என்பதாலேயே வாய்மூடுகிறவர்களும் இருப்பார்கள். தாராவி வீடுகளில் பேச்சு சுவருக்கு அந்தப் பக்கமும் கேட்கும். கணவன் அடிப்பதைப் பற்றியோ மனநோயைப் பற்றியோ வாசலில் நின்று கேட்காதீர்கள். அலுவலகத்துக்கு வரச் சொல்லுங்கள், அல்லது ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் பேசுங்கள். சொன்னது வெளியே போகாது என்று உறுதி தரும்போதே, அந்த உறுதியின் எல்லையையும் சொல்லிவிடுங்கள். குழந்தை பாலியல் வன்முறைக்கு ஆளானதை அறிந்தால் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்கிறது 2012ஆம் ஆண்டின் போக்ஸோ சட்டம். இதை முதல் நாளே சொல்லாமல் இருந்துவிட்டுப் பிற்பாடு புகார் கொடுத்தால், காட்டிக் கொடுத்துவிட்டாள் என்றுதான் அந்தக் குடும்பம் நினைக்கும்.

முப்பது வீட்டுக்கும் ஒரே அளவில் நேரம் கொடுக்க நினைக்காதீர்கள். உயிருக்கோ குழந்தைக்கோ ஆபத்துள்ள வீடுகளுக்கு வாரந்தோறும் போங்கள். ரேஷன் கார்டுக்காகக் காத்திருக்கும் வீட்டுக்கு மாதம் ஒரு தடவை போதும். இந்தப் பிரிவினையை உங்கள் மேற்பார்வையாளரோடு உட்கார்ந்து செய்யுங்கள். கேட்டது கிடைத்து, அடுத்த தடவை உங்களைத் தேடாமல் தாமே அலுவலகத்துக்குப் போய்வரக்கூடியவர்களின் ஃபைல்களை, அவர்களிடம் சொல்லிவிட்டு, முடித்துவிடுங்கள். அப்போதுதான் மற்ற வீடுகளுக்கு நேரம் கிடைக்கும்.

அன்புடன்